தூசி நீக்கவா?

ஜூரோங் கிடங்கு, மூன்றாம் மாடி.
பதினெட்டு டிகிரிக் குளிர், ஸ்வெட்டர்,
கையில் வெள்ளைப் பருத்தி உறை.
மணிக்குப் பதினாலு வெள்ளி, நூற்றிருபது பக்கம்.
வருடினால் போதும்.
படிக்கச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை.

பெட்டிகள் வரிசையாக வருவதில்லை.
தொண்ணூற்று நான்கின் அடியில் அறுபத்து மூன்று கிடக்கும்.
தோளில் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டுக்காரியின் முதுகில்
குத்துவிளக்குக்காரி ஒட்டிக்கொண்டிருப்பாள்.
பிளாஸ்டிக் தகட்டால் மெல்லப் பிரிக்கிறேன்,
ஒருத்தி மூக்கை இன்னொருத்தி
எடுத்துக்கொண்டு போய்விடாமல்.

'வளைக்கரம்', மாத இதழ், விலை முப்பது காசு,
சிராங்கூன் சாலை அச்சகம்.
அறுபத்து மூன்றில் இரண்டே வண்ணம்.
சிவப்புத் தகடு நகர்ந்துவிட்டதில்
அட்டைப் பெண்ணின் பொட்டு
புருவத்தைத் தாண்டிக் காதோரம் நிற்கிறது.
ஓராண்டு முழுக்க அப்படித்தான்.
பன்னிரண்டு பெண்கள்,
நெற்றி காலி,
ஒருத்தியும் சிரிப்பை நிறுத்தவில்லை.

எழுபத்திரண்டில், பால்மாவு விளம்பரத்தில்
அவளுக்கு இரண்டு பிள்ளை.
போதும் என்றது சுவரொட்டி. போதும் என்றாள்.
எண்பத்தெட்டில் அதே சோபா, அதே பால்மாவு,
மூன்றாவதாக ஒன்று மடியில்.
வசதியிருந்தால் பெறலாம் என்று சொல்லியாயிற்று.
இடையில் அவளை யாரும் கேட்டதாக
பதினாறு ஆண்டுப் பக்கங்களில் நான் பார்க்கவில்லை.
(நான் படிக்கவும் இல்லை. சொன்னேனே.)

ஒவ்வொரு பக்கத்துக்கும் கணினியில் ஒரு கட்டம்: பொருள்.
சமையல், அழகு, குழந்தை வளர்ப்பு, கோலம், பிற.

இரண்டாயிரத்து ஐந்தின் தீபாவளி மலர்.
பளிங்குச் சமையலறை, பட்டுச் சேலைக்காரி,
படத்தின் ஓரத்தில் தட்டு நீட்டும் ஒரு கை.
மணிக்கட்டோடு வெட்டியிருக்கிறார்கள்.
அதை எதில் சேர்ப்பது?
'பிற' என்று அழுத்தினேன்.
என் வீட்டிலும் அப்படி ஒரு கை உண்டு,
அப்பாவைக் குளிப்பாட்டும் கை,
பெயர் சுலஸ்திரி, ஊர் ஜாவாவில் எங்கோ.
என் கைப்பேசியின் இரண்டாயிரம் படங்களில்
அவள் முகம் முழுதாக எதிலும் இல்லை.

பிறகு ஜூலை, எழுபத்தாறு.
வாசகியர் பக்கத்தில் தபால்தலை அளவில் ஒரு படம்.
ரெங்கம்மா த/பெ வீராசாமி,
கல்லாங்கில் மின்னணுத் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்.
சிறந்த கடிதத்துக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர்.

"எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கம்பி ஒட்டிவிட்டு
வீடு வந்து உங்கள் இதழைப் பிரிக்கிறேன் ஐயா.
இதில் வரும் பெண்கள்
எல்லோருக்கும் முன்னால் எழுகிறார்கள்,
எல்லோருக்கும் பின்னால் சாப்பிடுகிறார்கள்.
எப்போது தூங்குகிறார்கள்?"

ஆசிரியர் பதில் சாய்வெழுத்தில்:
"நல்ல நகைச்சுவை, சகோதரி!"

கட்டில் அடுத்து இருந்தது ஆகஸ்ட்.
அட்டையில் அவளே.
இரண்டு சுற்று வெளுத்திருந்தாள்.
மோவாய் மச்சத்தைக் காணோம்.
கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையும்
யாரோ தூரிகையால் துடைத்திருந்தார்கள்.
நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல இருந்தாள்.
கடிதத்துக்கு அதுதான் பதில் போலும்.

ஜூலை இன்னும் கண்ணாடிமேல் கவிழ்ந்து கிடந்தது.
திரையில் சின்னப் படத்தைச் சுற்றி
மஞ்சள் வட்டம் போட்டது மென்பொருள்,
சரியாக மோவாயின்மேல்.
தூசி: ஒன்று. நீக்கவா?

இல்லை.

மறுபடி கேட்டது.
இயந்திரத்துக்குப் பொறுமை அதிகம்.
இல்லை.

எழுபத்தொன்றாம் பக்கத்திலேயே நிற்கிறீர்களே என்று
மேற்பார்வையாளர் கோ தொலைபேசியில் கேட்டார்.
தூசி என்றேன்.

பொருள் கட்டத்தில் 'தூக்கம்' என்று அடித்தேன்.
பட்டியலில் இல்லாத சொல் என்று
அடியில் சிவப்புக் கோடு இழுத்தது.
கோட்டோடு அப்படியே விட்டுவிட்டுத் தாளைப் புரட்டினால்
வாழைப்பூ வடை,
ஆறு பேருக்கு.