புறங்கை

இங்கே மூன்று தசமம்.
ரியாலுக்கு ஆயிரம் பைசா என்பது
தூத்துக்குடியில் கணக்குப் படித்த கைக்கு
ஒரு வருஷம் பிடிபடவில்லை.

சூர் நகராட்சி, கருவூலப் பிரிவு, இரண்டாவது ஜன்னல்.
கடைப் பலகைக்கு வாங்குவேன்,
வாடகை ஒப்பந்தத்தில் முத்திரை குத்த வாங்குவேன்,
நடைபாதையில் போட்ட நாற்காலிக்கு,
மீன் சந்தையில் வெட்டுக் கல்லுக்கு,
அவிழ்த்துவிட்ட ஆட்டுக்கு.
ஆட்டுக்கு அபராதம் கட்ட வருகிறவர் மட்டும்
ஆட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்.

வாங்குவது நான். வைத்திருப்பது இரும்புப் பெட்டி.
அதற்கு இரண்டு சாவி:
ஒன்று முனீரா மேடத்தின் கைப்பையில்,
மற்றது ஹமூதின் இடுப்பில்.
ஒருவர் விடுப்பென்றால்
நகரத்தின் பணம் அன்று யாருக்கும் இல்லை.
செலவழிப்பது நாங்களல்ல.
விளக்குக் கம்பம், குப்பை லாரி, தார் என்று
கையெழுத்து மாடியிலிருந்து இறங்கும்.
இருக்கிறது என்போம், அல்லது இல்லை என்போம்.
அவ்வளவுதான் அதிகாரம்.

அமலோற்பவம் மேடத்தின் வாயில் நுழையவில்லை.
அமல் என்பார். அவர்கள் மொழியில் நம்பிக்கையாம்.
தொண்டையில் கொஞ்சம் அழுத்தினால் வேலையாம்.
மாதக் கடைசியில் அழுத்தித்தான் சொல்கிறார்.

நேற்று
பெட்டியில் அரை ரியால் கூட இருந்தது.
ஸியாதா, என்றான் ஹமூத், கையை விரித்து.

குறைந்தால் சுலபம்.
என் பணப்பையிலிருந்து போடுவேன்,
வைதுகொண்டே போடுவேன், வீட்டுக்குப் போவேன்.
கூடினால் அப்படியில்லை.
யாரோ ஒருவர் குறைந்து போயிருக்கிறார்.

ஜன்னலை மூடி
இருநூற்றுப் பதினான்கு ரசீதையும் பரப்பினோம்.
ஹமூத் வாசிக்க நான் டிக் அடிக்க,
மறுபடி நான் வாசிக்க அவன்.
கார் வரைக்கும் போன மேடம் திரும்பி வந்தார்.
மகனின் பள்ளியிலிருந்து இரண்டு முறை போன்.
அரை ரியாலுக்கா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு என்றேன்,
தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலிருப்பானா என்று.
ஹமூத் சிரித்தான்.
மேடம் தலை தூக்கவில்லை:
“உங்கள் ஊரில் தேனுக்கு ரசீது கிடையாதா?”

நூற்றுத் தொண்ணூறாவதில் அகப்பட்டது.
மீன் சந்தை, பதினேழாம் கல், ஷாபுதீன் மொல்லா.
கட்ட வேண்டியது பன்னிரண்டரை.
எனக்கு நினைவு வந்தது:
ஈர நோட்டுகள், பதின்மூன்று ரியால், ஒன்றில் செதிள்.
ஏசிக் காற்றில் காயட்டுமென்று
விசைப்பலகை மேல் விரித்தேன்.
வெளியே ஒரு வண்டி ஹாரன்.
மீதியோடு நிமிர்ந்தபோது ஆள் இல்லை.

போன் அணைந்திருந்தது.
சாயங்காலம் நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன்.
கூடாது என்றார் மேடம்.
பெட்டி வழியாக வந்தது பெட்டி வழியாகத்தான் போகும்.
அவர் மனு எழுத வேண்டும், அசல் ரசீதோடு.
மனுவுக்குக் கட்டணம்
ஒரு ரியால்.

மூவரும் ஒரே நேரத்தில் கழித்துப் பார்த்தோம்.
யாரும் விடை சொல்லவில்லை.

உரியவர் கோராத தொகைக்கு ஒரு பேரேடு உண்டு.
எனக்கு முந்திய கையெழுத்துகள்:
ஒரு சூடானியர், ஒரு திருச்சூர்க்காரர்.
யாரோ விட்டுப்போன எழுபத்தைந்து பைசாவை
வருஷா வருஷம்
அடுத்த பக்கத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.
0.500 என்று எழுதினேன்.
படிவத்தில் இடமில்லை; ஓரத்தில்
பதினேழாம் கல் என்றும்.

என் சம்பளம் இந்தப் பெட்டியிலிருந்து வருவதில்லை.
மஸ்கட்டில் ஒப்பந்தக் கம்பெனி.
நேற்றோடு பத்தொன்பது நாள் தாமதம்.
கேட்டால், கணக்காளர் விடுப்பு.

ஆறு மணிக்குச் சின்னதாக ஒரு சூரை வாங்கி
பதினேழாம் கல்லில் வைத்தேன்.
வெட்டுக்கூலி இருநூறு.
எழுநூறு கொடுத்துவிட்டு வேகமாக நடந்தேன்.
“சிஸ்டர்! சிஸ்டர்!”
கத்தியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார்.
ஸியாதா, என்று
அரை ரியால் நோட்டை என் கையில் திணித்தார்.
அதுவும் ஈரம்.

சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினேன்.
படுக்கும்போது புறங்கையை முகர்ந்தேன்:
சூரை.