தள்ளுபடி இல்லை

பூம்பாறை கூட்டுறவுக் கடன் சங்கத்தில்
இருபத்தெட்டு வருடம் பேரேடு எழுதியவன் நான்.
உலகம் முடியும் தேதிகள் எனக்கு அத்துப்படி.
அந்த வாரங்களில் ஒருவரும் தவணை கட்டுவதில்லை.

ஸ்கைலாப் விழுமென்ற ஆனி மாதம்
நான் ஆறாம் வகுப்பு.
ராயப்பன் தன் ஒரே பன்றியை அறுத்து
தெருவுக்கே கூறு போட்டார்.
சாகப்போகிறவனுக்கு என்ன கணக்கு என்று
அப்பாவும் இரண்டு கூறு எடுத்தார், கடனுக்கு.
அது கடல் தாண்டி எங்கோ வெறுங்காட்டில் விழுந்தது.
பன்றிக்காசு கேட்டு
தை பிறக்கும்வரை எங்கள் படி ஏறி இறங்கினார் ராயப்பன்.
வானம் விட்டுவிட்டது. அவர் விடவில்லை.

இரண்டாயிரத்தில்
கோள்களெல்லாம் ஒரே வரிசையில் நிற்குமென்றார்கள்.
நின்றிருக்கலாம்.
நாங்கள் வேறொரு வரிசையில் இருந்தோம், மண்ணெண்ணெய்க்கு.

பிறகு அந்த டிசம்பர் இருபத்தொன்று.
எல்லாம் போகப்போகுது, மண்ணில் போட்டு என்ன என்று
விதைப்பூண்டை மூட்டையோடு விற்றுவிட்டு
வத்தலகுண்டில் மூன்று நாள் பிரியாணி தின்றான் மச்சக்காளை.
இருபத்திரண்டாம் தேதி காலை
அவன் படிவயலில் உறைபனி மட்டும் விளைந்திருந்தது.
நேரே சங்கத்துக்கு வந்தான்.
"உலகம் அழியும்னு நம்பி நட்டமானவனுக்குத்
தள்ளுபடி உண்டா சார்?"
படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
வறட்சி, வெள்ளம், காட்டுப்பன்றி வரை கட்டம் இருந்தது.

பொம்முத்தாய் ஒருநாள்
முந்தானையில் முடிந்து ஒரு கருங்கட்டி கொண்டுவந்தாள்.
ராத்திரி வானத்திலிருந்து விழுந்ததாம்,
விழுந்த இடத்தில் புல் கருகியிருந்ததாம்.
கிராம் ஆயிரம் ரூபாய் என்று டிவியில் சொன்னார்களாம்.
அடகு வைத்துக்கொள்ளச் சொன்னாள்.
கொடைக்கானலில்
சூரியனைப் பார்க்கிற ஆபீசுக்கு எடுத்துப்போனேன்.
தடித்த கண்ணாடி போட்ட ஒருவர்
கருவி எதையும் தொடவில்லை, முகர்ந்தார்.
"தார். மன்னவனூர் ரோடு போட்டப்ப சிந்தினது."

அப்படியே திரும்பியிருக்கலாம்.
"அப்ப மேலேருந்து ஒண்ணும் விழாதா?" என்றேன்.
விழுகிறது, தினமும் விழுகிறது, பெரும்பாலும் தூசி என்றார்.
பெரியதும் ஒருநாள் வரும்.
வந்தால் தேதி சொல்வோம்,
எத்தனை தப்பாக இருக்கலாம் என்பதையும் சொல்வோம்.
என் வயதுக்கு
எத்தனையோ பேர் எனக்குத் தேதி சொல்லியிருக்கிறார்கள்.
தேதியோடு அதன் பிழையையும் சேர்த்துச் சொன்னவர்
அவர் ஒருவர்தான்.
தேநீர்கூட வாங்கித்தராமல் வந்துவிட்டேன்.

தார்க்கட்டியைப் பொம்முத்தாய் திரும்ப வாங்கவில்லை.
வாராக்கடன் தாள்கள் பறக்காமலிருக்க
மேசையில் வைத்தேன். வெயிலில் கொஞ்சம் ஒட்டும்.

ஒரு கார்த்திகை இரவு
மேல்தெருவுக்குப் பின்னால் சரிவு இறங்கியது.
மூன்று வீடு, ஒரு மாட்டுக்கொட்டகை,
பொம்முத்தாயின் மருமகன்.
யாரும் நாள் குறித்துத் தரவில்லை.
கரண்ட் போகும்வரை டிவியில் ஓடிக்கொண்டிருந்தது
நிலாவுக்கும் அப்பால் கடந்துபோன ஒரு கல்.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன்.
போன வாரம் மச்சக்காளை போனை நீட்டினான்:
எண்ணைப் பெயராக வைத்த இன்னொரு கல்,
சிவப்பு எழுத்து, பின்னால் உடுக்கைச் சத்தம்.
"இது என்ன சார்?"
"பூண்டு நட்டுட்டியா?"
நட்டுவிட்டானாம்.
சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தபோது பார்த்தேன்.
உண்மைதான், வயல் முழுக்க நட்டிருக்கிறான்.
ஓரத்தில் ஒரே ஒரு பாத்தியைச்
சும்மா விட்டிருக்கிறான்,
எதற்கும் இருக்கட்டும் என்று.