கறிவேப்பிலை மூட்டுக்கு ஊற்றியது

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
இருபத்திரண்டு வருசமாய் நேந்திரங்காய் வறுக்கிறேன்.
வெளிச்செண்ணெய் கொதிக்கிற சத்தத்திலேயே
உப்புத்தண்ணி தெளிக்கிற நேரத்தைக்
காது பிடித்துக்கொள்ளும்.
நெஞ்சுக்குள் என்ன படிகிறதென்று
அந்தக் காதுக்குக் கேட்கவில்லை.

இருநூற்று எழுபத்தாறு
என்றது ஒரு தாள்.
லேபில் இருந்த ஆஷ்லின்
அதற்கடியில் சிவப்பு மையால் கோடு போட்டாள்,
கணக்கு வாத்தியார் போட்ட அதே கோடு.
டாக்டர் இரவுக்கு ஒரு மாத்திரை எழுதினார்,
நடக்கச் சொன்னார், வறுத்ததை விடச் சொன்னார்,
கடைசியாய்க் கைகழுவிக்கொண்டே
"கீரையும் சேத்துக்கிடுங்க."
றெத்தினபாய் வீட்டுக்குக் கொண்டுவந்தது
அந்தக் கடைசி வாக்கியத்தை.

மறுநாளிலிருந்து ஐந்தரைக்கு மிக்ஸி.
கோயில்மணிக்கும் முந்தி.
முருங்கை, பொன்னாங்கண்ணி,
குளத்தங்கரையில் அவளே குனிந்து பறித்த வல்லாரை,
துணியில் பிழிந்து, எலுமிச்சை நாலு சொட்டு.
"போஞ்சின்னு நெனச்சுக் குடியுங்கோ."
போஞ்சியை எனக்குத் தெரியும்.
இது ஆனி மழையில் வரப்பு வழுக்கி விழுந்தவன்
வாய்க்குள் போகிற வெள்ளம்.

மூன்று நாள் குடித்தேன்.
நாலாம் நாள் அவள் பால் வாங்கப் போனபோது
அடுக்களைக்குப் பின்னால்
கறிவேப்பிலை மூட்டில் ஊற்றினேன்.
அது முகம் சுளிக்கவில்லை.

மதிலுக்கு அந்தப்பக்கம் ஞானசிகாமணி
எனக்கும் ஒரு தம்ளர் என்று வந்தார்.
வால்வு மாற்றிய நெஞ்சு அவருக்கு,
ரத்தம் கட்டாதிருக்கத் தினமும் மாத்திரை.
டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்க என்றாள்.
கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம்,
குறைக்கவும் வேண்டாம் என்றாராம் அவருடைய டாக்டர்.
அதிலிருந்து காலையானால்
என் தம்ளரை அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே,
அவர் போகும்வரை
நான் குடிக்கவே வேண்டியதாயிற்று.

மூன்று மாதம் கழித்து இருநூற்றுப் பத்து.
மாத்திரையா, நடையா,
கடையில் கொறிப்பதை விட்டதா, சாறா?
ரத்தம் அதெல்லாம் பிரித்துச் சொல்லாது மாமா
என்றாள் ஆஷ்லின்.
சாறுதான் என்றாள் றெத்தினபாய்.
நான் கறிவேப்பிலையை நினைத்துக்கொண்டு
சும்மா இருந்தேன்.

"வந்ததுக்கு மாமிக்கும் ஒண்ணு எடுத்திரலாமே."
சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.
இரண்டு பிரசவத்துக்குப் பிறகு
அந்தக் கையில் ஊசி ஏறுவது அன்றைக்குத்தான்.

முந்நூற்றுப் பதினொன்று.
ஆஷ்லின் கோடு போடவில்லை.
பேனாவை மூடி வைத்தாள்.

குலசேகரம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள்.
நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.
கடையில் உடைந்து விற்காத வறுவலை
இருபத்திரண்டு வருசமாய்ப்
பொட்டலம் கட்டி யாருக்குக் கொண்டுபோனேன்?
நாலு மணிக் கட்டன்சாயாவோடு
யார் தின்றார்கள்?
எனக்கு ஆகாதென்று ஒதுக்கிய சாளை வறுவல்
எந்தத் தட்டுக்குப் போயிற்று?

அன்று சாயங்காலம் பொட்டலம் கட்டவில்லை.
மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தேன்.
மிக்ஸிக்கு மூடி போட மறந்து
சுவரெல்லாம் முருங்கை.
மிச்சத்தைப் பிழிந்து இரண்டு தம்ளர்.
"உப்பு போட்டேளா?"
"கொஞ்சம்."
"இதுக்கு உப்பு போடக்கூடாது மனுசா"
என்று முழுவதும் குடித்தாள்.
நானும் குடித்தேன், மதிலில் யாரும் இல்லாமலே.

காலித் தம்ளரோடு பின்பக்கம் போனவள்
கறிவேப்பிலை மூட்டருகே நின்றுவிட்டாள்.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
என் தலை தெரிந்திருக்க வேண்டும்,
திரும்பாமலே சொன்னாள்:
"மூணு மாசமா எம்பிடு தளிர் விட்டிருக்கு பாத்தேளா.
இதுக்குக் கொழுப்பே கெடையாது."

ஒரு கொத்து ஒடித்து
என் கையில் தந்தாள்.
"நாளைக்கு இதையும் சேத்து அரையுங்கோ."