செம்பு வாஷர்

சனி ராத்திரி ஷிஃப்ட் வேண்டாமென்று
எழுதிக் கொடுத்து வாங்கவே மூன்று வாரம் ஆனது.
சத்துவாச்சாரி, கீழ் போர்ஷன், கார் நிறுத்தாத கார் ஷெட்.
கொசு, நான், பதினைந்து வயசு வண்டி.

முதலில் கண்ணாடி இரண்டையும் கழற்று.
இண்டிகேட்டர், நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்டு.
ஹெட்லைட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப்.
விழுந்தால் சில்லு சிதறக் கூடாது,
பின்னால் வருகிறவன் டயருக்கு அது முள்.
கழற்றிய ஒவ்வொன்றுக்கும் லேபிள்:
வலது கண்ணாடி, தேதி, இரவு ஒன்பது நாற்பது.
லேப் புத்தி எங்கே போகும்?

பச்சைக் கூலண்ட் டிராக்கில் கூடாது,
சிந்தினால் எண்ணெய்போல வழுக்கும்.
வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.
வெறும் தண்ணீருக்கு இந்த ஊரில் எங்கே போவது?
எங்கள் போர் தண்ணீர்
நாலே மாதத்தில் குடத்துக்கு உள்சுவர் கட்டும்.
ஆஸ்பத்திரி லேபில் வடித்த நீர் கேன் கேனாக இருக்கிறது,
ஒன்று குறைந்தால் கேட்க ஆளில்லை.
கிரீன் சர்க்கிள் பக்கத்து பங்கில்
பேட்டரி தண்ணீர் இரண்டு லிட்டர் வாங்கினேன்.

ஆயிலை வடித்த பிறகுதான் பார்த்தேன்
புது வாஷரை.
பன்னிரண்டு கேட்டதற்குப் பதினாலு கொடுத்திருக்கிறான்.
மணி பத்தே முக்கால்.
தோட்டப்பாளையத்தில் எல்லா ஷட்டரும் இறங்கியிருக்கும்.

பழசையே துடைத்தேன்.
நசுங்கி, விறைத்து, இனி ஒரு தடவைக்கும் வளையாது.
எலவம்பாடிக் கத்திரிக்காய் வதங்கிய கடாயை இறக்கிவிட்டு
இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன்.

இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால்
இறுகிப்போகும்.
செம்பு வேறு ஜாதி.
சிவக்கச் சிவக்கச் சுட்டு முக்கினால் இளகும்,
மறுபடி நசுங்கத் தயாராகும்.
நான் கெடுத்த நாலு வாஷர் சொல்லிக் கொடுத்தது இது.

ஸ்ஸ்.
சொம்புக்கு அடியில் கிடந்தது.

டார்க் ரெஞ்சில் இருபது, ஒரு கிளிக்.
போல்ட் தலையின் துளையில் கம்பி கோத்து முறுக்கினேன்,
இறுகும் பக்கம் இழுக்கிற மாதிரி.
மாற்றி முறுக்கினால்
காப்பாற்றப் போட்ட கம்பியே கழற்றிவிடும்.
ஆயில் ஊற்றி, அடியில் பேப்பர் விரித்து,
கத்திரிக்காயும் சோறும் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன்.
பேப்பரில் செய்தி மட்டும் இருந்தது.

மூன்றே காலுக்கு முனிரத்தினத்தின் டாடா ஏஸ்.
மடியில் லெதர் சூட்.
பேரணாம்பட்டு பர்கத்துன்னிசா,
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள்,
ஞாயிறு ஞாயிறாகத் தைத்தது.
‘முட்டியில மூணு தையல் போட்டிருக்கேன்.
கிழிச்சுட்டு வந்து நின்னா
நான் யாரோ நீ யாரோ.’

விஷாரம் தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி,
வாலாஜா டோலில் ஒருவர் எட்டிப் பார்த்தார்,
கண்ணாடியில்லாமல், டேப் சுற்றி,
கயிற்றில் கட்டி நிற்கிற வண்டியை.
‘ஆக்சிடென்ட் கேஸா?’
‘இன்னும் இல்ல’ என்றார் முனிரத்தினம்.

இருங்காட்டுக்கோட்டையில் நாலு செஷன்.
நேர்ப்பாதையில்
புது வண்டிகள் எல்லாம் என்னைத் தாண்டின,
நான் ஏதோ கிலோமீட்டர் கல் என்பதுபோல.
மூன்றாவது செஷனில், அந்த நீள வலது வளைவில்,
ஒரே ஒருவனை உள்பக்கமாகக் கடந்தேன்.
அடுத்த நேர்ப்பாதையில் அவனும் போய்விட்டான்.
பரவாயில்லை.
ஒவ்வொரு தடவை உள்ளே வந்ததும்
சூட்டோடு குப்புறப் படுத்து
போல்ட்டைத்தான் பார்த்தேன்.
நோட்டில் நேரம் எழுதவில்லை.
பின் டயர் காற்று, செயின் தொய்வு,
போல்ட்: காய்ந்திருக்கிறது.
நாலு வரி, நாலிலும் அதே.

ஞாயிறு ராத்திரி பதினொன்றுக்கு
எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன்.
என்னிடம் இருப்பது ஒரு வண்டி,
திங்கள் ஆறரைக்கு டூட்டி.

ஸ்டாண்டில் நிறுத்தும்போது சாமுண்டீஸ்வரி குனிந்து
கண்ணாடியில் நான் உரிக்க மறந்த லேபிளைப் படித்தாள்.
‘வலது கண்ணாடி. சனி, ஒன்பது நாற்பது.
ரிசல்ட் எப்பம்மா வரும்?’

மேலே போனேன். இருபத்திரண்டு ட்யூப் காத்திருந்தது.
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
கையுறை போட்டால் தெரியாது.