அழிப்பான் பூசும் நிறம்

லெபோ பாசாரில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தாள் கோகிலவாணி.
பட்டர்வொர்த்துக்குக் கடைசி ஃபெரியைப் பிடிக்கணுமாம்.
கைப்பேசியை நீட்டினாள்:
இவனை இதில் சேர்க்க வேண்டும்.

இது, மண்டபத்தில் எடுத்த படம்.
பதினோரு பேர். மாலையில் இன்னும் ஈரம்.
இவன், தம்பி உதயசீலன்.
ஜூரோங்கில் ஏதோ ஓர் அறையில்
தன்னைத் தானே எடுத்துக்கொண்டது.
பின்னால் அடுக்குக் கட்டில், காயும் துண்டு,
எல்லாவற்றின் மேலும் குண்டு பல்பின் மஞ்சள்.

ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.
கேட்டுவிட்டால் முப்பது ரிங்கிட் வாங்கக் கை வராது.

கட்டிலை அழித்தேன்.
அழித்த இடமெல்லாம் ஆரஞ்சு.
துண்டை அழித்தேன். அங்கேயும் ஆரஞ்சு.
விடாமல் அழிக்க அழிக்க
அவன் ஒரு காவிப் படலத்தின் நடுவே
கண் கூசி நின்றான்.
"என்னக்கா, தம்பியைச் சாமியாராக்கிட்டீங்க!"

அழிப்பானை நம்பியது என் தப்பு.
பூட்டுப் போட்ட அடி அடுக்கில் அது அழிக்காது,
பூசும்.
கையிலிருக்கும் நிறத்துக்குக் கீழே
பாதி மறைந்து கிடக்கும் இரண்டாவது சதுரத்தைத் தொட்டு
அதையே பூசும்.
நேற்று மத்தியானம் ஒரு லக்சா கடைக்குப் பதாகை செய்தேன்.
அவர் கேட்ட ஆரஞ்சு
இன்னும் அந்தச் சதுரத்திலேயே குடியிருக்கிறது.

டி எழுத்தைத் தட்டினேன்,
கறுப்பும் வெள்ளையும் இடத்துக்குத் திரும்பின.
பூட்டைத் திறந்தேன்.
இப்போது அழித்தால்
சாம்பலும் வெள்ளையுமாய்க் கட்டம் கட்டமாய் ஒரு தரை.
"இதென்ன, டைல்ஸ் போட்டிருக்கீங்க?"
காலி இடம், என்றேன்.
காலியா?
வாசலுக்கு வெளியே அஞ்சடித் தரையை ஒருமுறை பார்த்தாள்.
திரும்பத் திரையைப் பார்த்தாள்.
ஒன்றுமில்லை என்று சொல்ல
இதற்கு இரண்டு நிறம் வேண்டியிருக்கிறது.

அவசரத்தில் ஜேபெக்காகச் சேமித்தேன்.
ஜேபெக்குக்குக் காலி என்றால் தெரியாது,
எதையாவது ஊற்றிக்கொள்ளும்.
திறந்தால் அவனைச் சுற்றி முழுக் கறுப்பு.
"கறுப்பு வேணாம்," என்றாள். சிரிக்கவில்லை.
"கல்யாணப் படம்."

பிஎன்ஜியாக மாற்றி, தூக்கி, மண்டபத்தில் இறக்கினேன்.
இடம் தேட வேண்டியிருக்கவில்லை.
அப்பாவுக்கும் சின்ன மாமாவுக்கும் நடுவே
ஓர் ஆள் அகலத்துக்கு விட்டிருந்தார்கள்.
நெருங்கி நில்லுங்க என்று படம் பிடித்தவன்
மூன்று முறை சொல்லியும்
அப்பா நகரவே இல்லையாம்.

நின்றான்.
ஆனால் மண்டபத்து வெளிச்சம் நீலம்,
அவன் மஞ்சள்.
மஞ்சளை இறக்கினால்
காய்ச்சலில் எழுந்து வந்தவனாகிறான்.
மற்றப் பதினோரு பேரையும் மஞ்சளாக்கினால்
மணப்பெண்ணின் சேலை வேறு சேலையாகிறது.
கோகிலவாணி மணியைப் பார்த்தாள்.
பிறகுதான் எனக்கு உறைத்தது:
கண் எரியுது என்று முதலாளி தினகரன்
திரைக்கு ராத்திரி வெளிச்சம் போட்டு வைத்திருக்கிறார்.
அணைத்தேன்.
பாதி மஞ்சள் எங்களுடையது.
மீதி அவனுடையது.

அந்த மீதியில் கொஞ்சம் குறைத்தேன்.
சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.
அப்பாவின் தோளில் அவன் நிழலை லேசாக விழவிட்டேன்,
அதற்குக் காசு சேர்க்கவில்லை.
காதோரம் மட்டும் மயிரிழை போல ஒரு கோடு,
அந்த அறையின் சுவர்.
அதையும் எடுக்கவா என்று கேட்டேன்.

அவள் படத்தைப் பெரிதாக்கி
அந்தக் கோட்டின் மேலேயே விரலை வைத்திருந்தாள்.
பிறகு ஐம்பது ரிங்கிட் தாளை மேசையில் வைத்துவிட்டு
மீதியும் வாங்காமல்
ஷட்டருக்குக் கீழே குனிந்து ஓடினாள்.

நான் எடுக்கவில்லை.

காலையில் முதல் ஆளாக வந்தவர் லக்சாக்காரர்.
பதாகையில் ஆரஞ்சு போதவில்லையாம்.