கடல் மட்டத்திலிருந்து

கிரென்ஹென். ஜனவரி. இரவு பதினொன்றே கால்.
யூரா மலையை மூடுபனி விழுங்கி மூன்று நாள்.
நிஜ ஓடுதளத்தில் ஒன்றும் இறங்கவில்லை.
என் மேசையில் இறங்கலாம்.

பகலெல்லாம் கடிகாரத் தொழிற்சாலையில்
மயிர்க் கனத் திருகாணிகளை லென்ஸ் வழியே எண்ணிய கண்
இப்போது கோண அடைப்புகளை எண்ணுகிறது.
திறந்தது ஏழு, மூடியது ஆறு.
இப்படியே விட்டால் விமானத்துக்குக் கரண்டே வராது.

எழுதுவது இவ்வளவுதான்:
பேட்டரி போட்டிருந்தால்,
மற்றும் வோல்ட் இருபத்துநாலைத் தாண்டினால்,
மற்றும் ஃபியூஸ் எரியாமல் இருந்தால்
ஒரு பச்சை விளக்கு.
கடுகளவு.
அதற்குப் பதினெட்டு வரி.

ஆங்கிலத்தில் நிபந்தனை வாசலிலேயே நிற்கும்,
செருப்பைக் கழற்று என்று.
தமிழில் அது வினையின் வாலில் ஒட்டி வரும்.
சக்கரங்கள் இறங்கின
என்று மூச்சு விடுவதற்குள்
ஆல்.
இறங்கினால்.
கடைசி எழுத்துவரை தெரியாது
நடந்துவிட்டதா, இனிமேல்தானா என்று.

போன கிழமை எச்சரிக்கை ஊதல் எழுதினேன்.
உயரம் ஐந்நூறு அடிக்குக் கீழே போனால்,
மற்றும் சக்கரம் மடங்கியே இருந்தால்,
ஊது.
பலாலியில் வைத்துச் சோதித்தேன். பாசம் ஒன்றுமில்லை,
ஓடுதளம் கடலுக்குக் கிட்ட, கணக்கு லேசு.
வேண்டுமென்றே சக்கரத்தை மறந்து
ஆறு தரம் தாழ வந்தேன்.
ஆறு தரமும் ஊதியது.
கோப்பை அனுப்பிவிட்டு நித்திரை கொண்டேன்.

இன்று ரூடி ஏஷ்லிமான் ஒரு வரி எழுதியிருக்கிறார்.
தபால் பஸ் ஓட்டுநர்,
லீவு நாளில் என் விமானத்தையும் ஓட்டுகிறவர்.
"கிரென்ஹெனில் வயிறு உரச இறங்கினேன்.
ஊதல் மூச்சே விடவில்லை."

விடாது.
இந்த ஊரின் தரையே
கடலுக்கு மேலே ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் அடி.
ஐந்நூறுக்குக் கீழே போக வேண்டுமென்றால்
ரூடி மண்ணைத் தோண்டித் தொள்ளாயிரம் அடி ஆழத்தில் பறக்கவேண்டும்.
ஊதலில் பிழையில்லை.
அது நான் சொன்ன கடலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

எனக்கும் இங்கே நிபந்தனைகள் பழக்கம்தான்.
செவ்வாய்க்கிழமை என்றால்,
மற்றும் ஏழு மணி தாண்டாவிட்டால்,
மற்றும் கீழ்வீட்டு ஷோரி அம்மா
திறப்பை ஆணியில் மாட்டியிருந்தால்
உடுப்புத் தோய்க்கலாம்.
குடியுரிமைப் படிவத்தில் ஒன்பது 'மற்றும்'.
மருந்துக்கும் ஒரு 'அல்லது' இல்லை.
எல்லா அடைப்பும் மூடியிருந்தது போலும், தந்துவிட்டார்கள்.

திருத்தம் ஒரே ஒரு சொல்.
கடலிலிருந்து என்பதை அழித்துத்
தரையிலிருந்து என்று போட்டேன்.
அழிக்கும்போது விரல்
கொஞ்சம் நின்றதா?
நின்றிருந்தால் குளிராக இருக்கும்.

ஒன்று மட்டும் இந்தக் கோப்பில் எழுத வராது.
'மற்றும்' உண்டு, 'அல்லது' உண்டு, 'இல்லை' உண்டு.
'இருந்தாலும்' இல்லை.
நேற்றுப் பனியில் பஸ் நின்றுபோனாலும்
வேலைக்கு நடந்து போனேன்.
இதை எழுதப் பார்த்தால்
நிபந்தனையைத் தூக்கிவிடு, அது தேவையில்லை என்கிறது தர்க்கம்.
சரிதான்.
தூக்கினால் மிஞ்சுவது: வேலைக்குப் போனேன்.
பனி போய்விடும்.
முழங்கால்வரை நனைந்த காற்சட்டை போய்விடும்.

ஒரு மணி.
கிரென்ஹெனை நோக்கித் திரும்புகிறேன்,
சக்கரம் மடங்கியபடி.
ஆயிரம் அடி. எண்ணூறு.
கண்ணாடிக்கு அப்பால் கணினி வரைந்த வானம்,
அங்கே பனியே இல்லை.
அறுநூறு.
ஐந்நூறு.

ஹெட்போன் சொருக மறந்திருந்தேன்.

ஊதல் வீட்டை நிறைக்க,
கீழேயிருந்து தும்புத்தடி இரண்டு தட்டு,
ஷோரி அம்மாவின் முகட்டில்,
என் தரையில்.

வேலை செய்கிறது.