நீத்தார் பத்தி

லிமோஜ் நகரத்து நாளேட்டில்
நான்காம் பக்கம், இடது மூலை.
செத்தவர் ஒருவருக்கு ஏழு வரி.
அதற்குமேல் போனால் வரிக்கு இரண்டு பிராங்க்.
அங்கேதான் தொடங்கினாள்
ஒர்தான்ஸ் லபோர்தெரி.

பீங்கான் சூளைக்காரர், பாதிரியாரின் சமையல்காரி,
மூன்று மனைவியரை முன்னே அனுப்பிவிட்டுப் போன ரொட்டிக்கடைக்காரர்,
எவரையும் ஏழு வரிக்குள் மடித்து வைக்கத் தெரியும் அவளுக்கு.
"அன்பானவர்" என்று எழுதமாட்டாள்.
"உறைபனி நாளில் கடைவாசலில்
சாம்பல் தூவி வைப்பவர்" என்று எழுதுவாள்.
வழுக்கி விழாதவர்களுக்குப் புரியும்.

நாற்பதாம் ஆண்டு ஜூலை.
ஆசிரியர் தெக்ளூ தலையங்கம் எழுதினார்:
"தோல்வி நமக்கு வாய்த்த நல்லாசான்."
மெய்ப்புப் பார்த்தவள் அவள்.
ஒரு பிழையும் இல்லை.
மெய்தான் இல்லை.
பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

வியென் ஆற்றங்கரையில்
தட்டுகள் அடுக்கும் கிடங்குக்கு அடியில்
நொண்டும் அச்சுப்பொறி ஒன்று.
எழுத்துக் கோக்க அன்செல்ம்,
பத்தொன்பது வயது, எந்நேரமும் பசி.
இருந்தது ஒரே ஒரு ஈய எழுத்துப் பெட்டி.
பாதிப் பக்கம் வந்திருக்காது,
"உயிரெழுத்து தீர்ந்துபோச்சு" என்பான்.
அவள் வாக்கியத்தை மாற்றுவாள்.
இருக்கிற உயிரை வைத்துக்கொண்டு
எவ்வளவு சொல்ல முடியுமோ
அவ்வளவும் சொன்னார்கள்.

மை காயாத தாள்களை வைக்கோலோடு சுருட்டி
சூப்புக் கிண்ணங்களுக்கு நடுவே திணித்து
தூலூஸ் வரைக்கும் அனுப்பினார்கள்.
ஒரு கிண்ணம்கூட உடையவில்லை என்று
பீற்றிக்கொள்வான் அன்செல்ம்.

நாற்பத்து நான்கு, பிப்ரவரி. பிடிபட்டாள்.
மூன்றாம் இரவு பெயர்களைக் கேட்டார்கள்.
சொன்னாள்.
தயங்கித் தயங்கி,
மூக்கை உறிஞ்சியபடி,
தெருவோடு, தொழிலோடு,
இன்னாருக்கு இடது காது கேளாது என்பதுவரை
எல்லாவற்றையும் சொன்னாள்.
எதிரே இருந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டு
முத்து முத்தாக எழுதிக்கொண்டான்.

ஐந்து நாள் நகரமெங்கும் வண்டிகள்.
கதவைத் திறந்த விதவைகள்
ஊர்க்கோடி இடுகாட்டுப் பக்கம் கை காட்டினார்கள்.
சூளைக்காரர் அங்கே இருந்தார்.
ரொட்டிக்கடைக்காரரும் இருந்தார், மனைவியரோடு.

அந்த ஐந்து நாளில் அச்சுப்பொறி இடம் மாறிவிட்டது.
ஆட்களும் மாறிவிட்டார்கள்.
அன்செல்ம் மட்டும்
மறந்துவிட்ட எழுத்துப் பெட்டிக்காகத்
திரும்பிப் போனான்.

பிறகு அவளை என்ன செய்தார்கள் என்பதை
அவள் எங்கும் எழுதவில்லை.
நானும் எழுதப்போவதில்லை.
வலது கையில் இரண்டு விரல் மடங்காது.
வெளியே தெரிந்தது அதுதான்.

போர் முடிந்ததும் நாளேடு பெயரை மாற்றிக்கொண்டது.
பெயரை மட்டும்.
அதே நாற்காலியில் தெக்ளூ,
"உங்கள் மூலை உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்றார்.
போனாள்.
ஏன் போனாய் என்று கேட்டவர்களிடம்
வாடகை என்றாள்.

முதல் நாளே அன்செல்முக்கு எழுதினாள்.
பதினாறு வரி.
கூடுதல் ஒன்பது வரிக்கு,
அதற்குள் விலையும் ஏறியிருந்தது,
கல்லாவில் சில்லறையை எண்ணி வைத்து
ரசீது கேட்டு வாங்கினாள்.
அதில் ஒரு வரி:
"சூடான சூப்பை ஆறவைத்துக் குடிக்கும் பொறுமை
அவனுக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை."

ஐம்பத்தெட்டில் தெக்ளூ இறந்தார்.
நகரசபை மொத்தமும் மலர்வளையத்தோடு வந்தது.
முழுப்பக்கம் வேண்டும் என்றது நிர்வாகம்.
அவள் ஏழு வரி கொடுத்தாள்.
பிறப்பு, பள்ளி, மணம், மக்கள், பதவி, நுரையீரல் என்று
ஆறு வரி போய்விட,
ஏழாவதாக:
"நாற்பதாம் ஆண்டிலும் அவர்
எழுத்துப்பிழை விட்டதில்லை."

தெக்ளூவின் மனைவி
கறுப்புக் கரையிட்ட அட்டையில் நன்றி தெரிவித்தாள்.
ஆற்றங்கரைக் கிடங்கில் மட்டும்
வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்த யாரோ
வாய்விட்டுச் சிரித்து
ஒரு கிண்ணத்தை உடைத்துவிட்டதாகக் கேள்வி.